ஐம்பத்து மூன்று பேர் கேட்ட இருபத்து நான்கு போன்கள்

போன மாதம் பழைய கம்பெனியிலிருந்து ஓர் இளம் இன்ஜினீயர் என்னைக் கூப்பிட்டார். பிரஸ் ஷாப்புக்குப் பக்கத்தில் புது இயந்திரத்துக்கு அஸ்திவாரம் தோண்டியிருக்கிறார்கள். கட்டைவிரல் தடிமனில் ஒரு கறுப்பு கேபிள் தட்டுப்பட்டதாம். "இது என்ன கேபிள், வெட்டலாமா வேண்டாமான்னு இங்க யாருக்கும் தெரியல சார். எல்லாரும் உங்களைக் கேக்கச் சொல்றாங்க" என்றார். தாராளமாக வெட்டுங்கள் என்றேன். அது எண்பதுகளில் நாங்கள் போட்ட இன்டர்காம் கேபிள். இப்போது எல்லாரும் சட்டைப்பையிலேயே போனை வைத்துக்கொண்டு திரிகிறார்கள். அந்தக் கேபிளில் பேச ஆள் இல்லை. "அந்தக் காலத்துல இதுக்கெல்லாம் எப்படி சார் பட்ஜெட் போட்டீங்க?" என்று அவர் மரியாதைக்கு ஒரு கேள்வி கேட்டார். நான் முக்கால் மணி நேரம் பதில் சொன்னேன். பாதியில் வேறு ஏதோ கால் வருகிறது என்று வைத்துவிட்டார். மீதியை இங்கே எழுதுகிறேன்.

நான் சூளகிரிப் பக்கத்துக்காரன். சேலத்தில் எலக்ட்ரிகல் டிப்ளமா முடித்து, இரண்டு மூன்று இடங்களில் அப்ரண்டிஸ் என்ற பெயரில் ஏணி பிடித்து, ஓசூரில் ஷெட்டுகள் மளமளவென்று எழும்பிக்கொண்டிருந்த காலத்தில் இந்தக் கம்பெனியில் எலக்ட்ரிகல் சூப்பர்வைசராகச் சேர்ந்தேன். வண்டிகளுக்கு வேண்டிய தகட்டுச் சாமான்களை வெட்டி, வளைத்து, துளை போட்டுக் கொடுக்கும் கம்பெனி. முதலாளி பெங்களூரில் இருந்தார். இங்கே ஐந்து ஷெட்டுகள். கேட்டிலிருந்து கடைசி ஷெட்டான, தகட்டில் துளை அடிக்கும் பிரஸ் ஷாப்புக்கு நடந்து போக ஏழு நிமிடம் ஆகும். மழை பெய்து சேறாகக் கிடந்தால் அதற்குக் கணக்கு இல்லை.

அவ்வளவு பெரிய இடத்தில் ஒருவரை ஒருவர் கூப்பிட இரண்டே வழிகள் இருந்தன. ஒன்று சங்கு. ஒரு தடவை ஊதினால் பிட்டர், இரண்டு தடவை ஊதினால் எலக்ட்ரீஷியன், மூன்று தடவை ஊதினால் நான். வேலிக்கு அந்தப் பக்கம் ராகிக் கொல்லையில் களை எடுக்கிற பெண்களுக்குக்கூட இது மனப்பாடம். சாயங்காலம் நான் பஸ்ஸுக்கு நிற்கும்போது அவர்களில் ஒருத்தி கேட்பாள்: "இன்னா சாரு, இன்னிக்கு உன்னெ ஆறு வாட்டி கூப்ட்டாங்களே, பெரிய ரிப்பேரா?" மேனேஜரிடம் நான் வாங்கும் திட்டுக்கு வேலிக்கு வெளியே இத்தனை சாட்சிகள் இருப்பது எனக்குப் பெரிய கவலையாக இருந்தது.

இன்னொரு வழி மஸ்தான் பாய்.

மஸ்தான் பாய் எங்கள் கம்பெனியின் ஒரே மெசஞ்சர். ஒல்லியான மனிதர், நீள நீளமான கால்கள். காக்கிச் சட்டையில் பை நிறையச் சீட்டுகளோடு காலை எட்டு மணிக்கு நடக்க ஆரம்பித்தால் சாயங்கால ஷிப்ட் விடும்வரை நடந்துகொண்டே இருப்பார். வீடு மத்திகிரியில், அங்கிருந்தும் நடந்துதான் வருவார். தமிழ், கன்னடம், தெலுங்கு, உருது நான்கும் பேசுவார். ஒரு வாக்கியத்தை எந்த மொழியில் தொடங்கினாலும் அது எந்த மொழியில் முடியும் என்பது எதிரே நிற்பவர் முகத்தைப் பொறுத்தது.

இப்படி நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒரு நாள் காலையில் பெங்களூரிலிருந்து வெளி போனில் ஒரு தகவல் வந்தது: ஒரு தகட்டில் துளையின் இடம் மாறிவிட்டது, பழைய படத்தின்படி ஒன்றுகூட அடிக்காதீர்கள். ஆபீசில் ஒருவர் அதைச் சீட்டில் எழுதி மஸ்தான் பாயிடம் கொடுத்தார். அவசரம் என்று வாயைத் திறந்து சொல்லவில்லை. பாயின் பையில் அப்போது ஏற்கெனவே எட்டுச் சீட்டுகள். அவர் வழக்கப்படி கேட்டில் ஆரம்பித்து, ஸ்டோர்ஸ், டூல் ரூம் என்று வழியில் இருக்கிற வரிசையில் கொடுத்துக்கொண்டே போனார். கடைசி ஷெட்டுக்கான சீட்டு கடைசியாகத்தான் போய்ச் சேர்ந்தது. அதற்குள் இரண்டாயிரம் தகடுகளில் தப்பான இடத்தில் அழகான துளைகள் விழுந்திருந்தன.

முதலாளி பெங்களூரிலிருந்து காரில் வந்தார். அந்தத் தகடுகளில் ஒன்றை எடுத்து, துளை வழியாக எங்கள் ஒவ்வொருவரையும் பார்த்தார். "இன்டர்காம் போடுங்கள். ஒன்றரை லட்சத்துக்குமேல் ஒரு பைசா போகக்கூடாது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் மூன்று சங்கு ஊதியது.

எங்கள் வொர்க்ஸ் மேனேஜர் நஞ்சுண்டய்யா. மைசூர்க்காரர். அவருக்குக் கிட்டப்பார்வை, ஆனால் காகிதம் படிக்கும்போது கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, காகிதத்தை மூக்குக்கு இரண்டு அங்குலத்தில் பிடித்துக்கொண்டு ஜன்னலோரம் நின்று படிப்பார். முகம் தெரியாது. ஒரு காகிதத்துக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் வரும். கோபமாக இருக்கிறாரா, சிரிக்கிறாரா என்று கண்டுபிடிக்க வழியே கிடையாது. எஸ்டிமேட்டில் எத்தனை வரி இருந்தாலும் ஒவ்வொன்றுக்கும் ஒரே கேள்விதான் கேட்பார்: "இது இல்லைன்னா ஏனாகுத்தெ?" இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று அர்த்தம். பதில் சரியாக இருந்தால் அடுத்த வரிக்குப் போவார். இல்லையென்றால் "ஹோகலி" என்பார். போகட்டும் என்று அர்த்தம். அந்த வரி போய்விடும்.

"கோவிந்தராஜ், பத்து நாள்ல எஸ்டிமேட் வேணும்" என்றார் காகிதத்துக்குப் பின்னாலிருந்து. "ஒரு ஆணி விட்டுப்போகக்கூடாது."

இன்டர்காம் பட்ஜெட் என்றால் எக்ஸ்சேஞ்ச் பெட்டி விலை, போன் விலை, கூட்டினால் முடிந்தது என்று நினைப்பார்கள். பெட்டி சுலபம். பெங்களூரிலிருந்து வந்த விற்பனை ஆசாமி இருபத்து நான்கு போன் பிடிக்கும் பெட்டிக்கு ஒரு விலை சொன்னார். இருபத்தைந்தாவது போன் வேண்டுமென்றால் நாற்பத்தெட்டு பிடிக்கிற பெட்டிக்குப் போகவேண்டும், விலை ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆகவே இருபத்து நான்கு என்பது கல்லில் செதுக்கிய எண். பணத்தை விழுங்குவது கேபிள்தான். கேபிள் நேராகப் போகாது. ரோட்டைக் கடக்கும் இடத்தில் இரும்புக் குழாய் வேண்டும், பள்ளத்தில் மணல், மேலே செங்கல், சுவரில் ஏறி இறங்கும் நீளம், ஒவ்வொரு முனையிலும் சுருட்டி வைக்க இரண்டு மீட்டர். பிற்பாடு யாராவது கேட்டால் கொடுக்க மூன்றில் ஒரு பங்கு ஜோடிக் கம்பி உபரி. கரண்ட் போனால் பேச பேட்டரி, பேட்டரிக்கு ஸ்டாண்டு, ஸ்டாண்டுக்கு ஆசிட் தாங்கும் பெயின்ட். இவையெல்லாம் எழுதவேண்டும்.

அளப்பதற்கு டேப் போதாது என்று ஒரு சைக்கிள் எடுத்துக்கொண்டேன். முன்சக்கரத்துக் கம்பியில் சிவப்புத் துணி கட்டினேன். சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் ஏழடிக்குக் கொஞ்சம் மேலே. துணி மேலே வரும் ஒவ்வொரு தடவைக்கும் ஒன்று. நான் எண்ண, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தது மஸ்தான் பாய்தான். பள்ளம் எங்கே, மழைத் தண்ணீர் எங்கே நிற்கும், எந்தச் சுவரின் அடியில் ஏற்கெனவே குழாய் போகிறது என்று அவருக்குத் தெரிந்த அளவு கம்பெனிப் படத்துக்குத் தெரியாது.

"எதுக்கு சார் இவ்ளோ தூரம் அளக்கறோம்?"

"இன்டர்காம் வருது பாய். இருந்த இடத்துலருந்தே பேசிக்கலாம்."

"நல்லதுங்க சார். என் காலுக்குக் கொஞ்சம் ஓய்வு கெடைக்கும்" என்று சந்தோஷமாகச் சொன்னார்.

அடுத்து, யார் யாருக்குப் போன் வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை அனுப்பினேன். என் வாழ்க்கையில் செய்த பெரிய தவறுகளில் அதற்கு இடம் உண்டு. ஐம்பத்து மூன்று விண்ணப்பங்கள் வந்தன. பெர்சனல் ஆபீசர் இரண்டு கேட்டார்: ஒன்று தன் மேஜைக்கு, இன்னொன்று தன் அறைக் கதவுக்கு வெளியே. குறை சொல்ல வருகிறவர்கள் அங்கேயே நின்று போனில் சொல்லிவிட்டுப் போகலாமாம். ஸ்டோர்ஸில் எதிரெதிர் மேஜையில் உட்கார்ந்திருந்த இரண்டு பேரும் ஆளுக்கொன்று கேட்டார்கள். ஒன்றை நடுவில் வைத்தால் போதாதா என்றேன். "எங்க ரெண்டு பேருக்கும் ரெண்டு வருசமாப் பேச்சு கெடையாது. போன் இருந்தா வேலை விசயமாவது பேசிக்கலாம்" என்றார் ஒருவர். எதிரே இருந்தவர் இதைக் கேட்டு ஆமாம் என்று தலையாட்டினார், என்னைப் பார்த்து.

அக்கவுண்ட்ஸ் மேனேஜர் வரதராஜன் சென்னையிலிருந்து வந்தவர், கணக்கில் புலி. அவருடைய தேவை தனி ரகம். "நான் எல்லாரையும் கூப்பிடணும். என்னை யாரும் கூப்பிடக்கூடாது. அப்படி ஒரு போன் கிடைக்குமா?" என்றார். விற்பனை ஆசாமியைக் கேட்டேன். அவர் வெகுநேரம் யோசித்துவிட்டு, "மணியைக் கழற்றிவிடலாம்" என்றார்.

கேன்டீன் லட்சுமம்மா மட்டும் விண்ணப்பமே கொடுக்கவில்லை. நானே போய்க் கேட்டேன். "எந்துக்கு சாமி நாக்கு, எனக்கெதுக்கு? இப்பவே சாம்பார் பத்தலைன்னு நடந்து வந்து கேக்கறாங்க. போனு வெச்சா உக்காந்துகினே கேப்பாங்க" என்றாள். ஆனால் தினமும் எத்தனை சாப்பாடு என்ற சீட்டு அவளுக்கு அரிசி உலையில் போட்டபிறகுதான் போய்ச் சேர்ந்தது. நாற்பது பேர் சாப்பாடு மிஞ்சுவதும் பற்றாமல் போவதும் வாடிக்கை. போன் வேண்டாம் என்று சொன்ன ஒரே ஆளுக்குத்தான் போன் கட்டாயம் தேவைப்பட்டது. அவள் பெயரை முதலில் எழுதினேன்.

எப்படியோ ஐம்பத்து மூன்றை இருபத்து நான்காக்கினேன். முப்பது பேராவது எனக்கு வணக்கம் சொல்வதை நிறுத்தினார்கள். செலவுப் பக்கம் ஒன்றரை லட்சத்துக்குள் அடங்கியது. நாற்பத்து மூன்று வரிகள், ஆணி உட்பட. எனக்கே என்மேல் ஒரு மதிப்பு வந்துவிட்டது.

வரதராஜன் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "செலவு சரி. சேமிப்பு எங்கே?" என்றார். முதலீட்டுப் படிவத்தில் அப்படி ஒரு கட்டம் இருந்தது. போட்ட பணம் இரண்டு வருஷத்தில் திரும்பி வரும் என்று காட்டவேண்டும். காட்டாவிட்டால் பெங்களூருக்குப் போகாது.

போன் எப்படிப் பணத்தைத் திருப்பித் தரும்? யோசித்து, எத்தனை நடை மிச்சமாகும் என்று கணக்கெடுக்க முடிவு செய்தேன். கையில் ஒரு நோட்டு, கடிகாரம். மூன்று நாள் மஸ்தான் பாயின் பின்னாலேயே நடந்தேன்.

முதல் நாள் அவர் நடந்த வேகத்தில் எனக்கு நுரை தள்ளிவிட்டது. ஐம்பது வயது தாண்டியவர் பந்தயத்தில் ஓடுகிற மாதிரி போகிறார். நான் டூல் ரூம் வாசலில் உட்கார்ந்துவிட்டேன். திரும்பி வந்து பக்கத்தில் நின்றார்.

"சார், ஒண்ணு கேக்கட்டுமா? நான் வேகமா நடந்தா நல்லதா, மெதுவா நடந்தா நல்லதா?"

"எப்பவும் நடக்கற மாதிரி நடங்க பாய். அதுதான் நல்லது" என்றேன். அன்றைக்கு அது பொய் என்று எனக்கே தெரியாது.

அடுத்த இரண்டு நாள் அவர் வழக்கம்போல் நடந்தார். அப்போதுதான் கவனித்தேன், சீட்டு பாதி வேலைதான். நாற்பது சீட்டு கொடுத்தாரென்றால் அறுபது சேதி வாயால் சொன்னார். "பெரியவரு இன்னிக்கு நல்ல மூடுல இல்ல, லீவு நாளைக்குக் கேளு." "துளை போடற டை தேஞ்சிருக்குதுன்னு அங்க சொல்லிகிட்டிருந்தாங்க, நீங்களே போய்ப் பாத்துருங்க." என் நோட்டில் இதற்குக் கட்டம் இல்லை. எழுதாமல் விட்டேன்.

கணக்கைப் போட்டேன். ஒவ்வொரு பிரிவிலும் மிச்சமாகும் நேரம், கேன்டீனில் வீணாகும் அரிசி, தப்பாக அடித்த தகடு எல்லாவற்றையும் சேர்த்தும் இரண்டு வருஷத்துக்குப் பதினோராயிரம் குறைந்தது. எங்கே தேடியும் அந்தப் பதினோராயிரம் கிடைக்கவில்லை. திடீரென்று கிடைத்தது. மெசஞ்சர் வேலை ஒன்றை நீக்கினால், இரண்டு வருஷச் சம்பளம் பதினோராயிரத்துச் சொச்சம். கச்சிதமாகப் பொருந்தியது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த வரியை எழுதும்போது எனக்கு மஸ்தான் பாயின் முகம் ஞாபகத்துக்கு வரவில்லை. கணக்கு நேரான சந்தோஷம் மட்டும்தான் இருந்தது.

டைப் அடித்து, நான்கு பிரதி எடுத்து, உறையில் போட்டு, வரதராஜனுக்கு அனுப்ப யாரைக் கூப்பிடுவேன்? கம்பெனியில் இருந்தது ஒரு மெசஞ்சர்.

"என்னா சார், இன்னிக்குச் சீட்டு இவ்ளோ கனமா இருக்குது?" என்று கேட்டுக்கொண்டே மஸ்தான் பாய் அதை வாங்கி, மடங்காமல் இருக்க நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனார். அவர் முதுகைப் பார்த்தபோதுதான் எனக்குச் சுருக்கென்றது. கூப்பிட்டு நிறுத்த வாய் திறந்தேன். என்ன சொல்லி நிறுத்துவது என்று தெரியாமல் மூடிக்கொண்டேன்.

மறுநாள் காலை அவர் என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார். டைப்பிஸ்ட் சொல்லியிருக்க வேண்டும்.

"சார், நேத்து நான் கொண்டுபோன சீட்டுல என் பேரு இருந்துச்சாமே?"

"பேரெல்லாம் இல்ல பாய். மெசஞ்சர் வேலை ஒண்ணுன்னுதான்…"

"கம்பெனில இருக்கறதே ஒண்ணுதான சார்."

நான் மேஜையிலிருந்த நோட்டைப் புரட்டினேன்.

"எனக்கு அம்பத்தொண்ணு ஆவுது சார். நடக்கறதுக்குச் சம்பளம் குடுக்கற கம்பெனி ஓசூர்ல வேற எங்கனா இருந்தா சொல்லுங்க. போய்க் கேட்டுப் பாக்கறேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. உண்மையிலேயே விசாரிக்கிற மாதிரி கேட்டார். பிறகு சட்டைப்பையில் கைவிட்டு, "இந்தாங்க, உங்களுக்கு ஒரு சீட்டு இருக்குது" என்று எடுத்துக் கொடுத்தார். நஞ்சுண்டய்யா எழுதியது. உடனே வரவும்.

அறையில் வரதராஜன் ஏற்கெனவே இருந்தார். நஞ்சுண்டய்யா ஜன்னலோரம், முகத்துக்கு முன்னால் என் எஸ்டிமேட். நான் முந்திக்கொண்டு, "சார், அதுல ஒரு வரியைத் திருத்தணும்" என்றேன்.

"முதல்லருந்து பரலாம்" என்றது காகிதம். 'வரலாம்' அவர் வாயில் 'பரலாம்' ஆகிவிடும்.

ஒவ்வொரு வரியாக வந்தார். இரும்புக் குழாய் இல்லைன்னா ஏனாகுத்தெ? லாரி ஏறி கேபிள் நசுங்கும் சார். செங்கல்? மண்வெட்டி கேபிளை வெட்டும் சார். ஸ்டோர்ஸில் இரண்டாவது போன் இல்லைன்னா? "இப்ப ஆகிறதுதான் ஆகும் சார்" என்றேன். "ஹோகலி." பெர்சனல் ஆபீசரின் கதவுக்கு வெளியே இருந்த போன், ஹோகலி. அப்படி நாற்பத்து மூன்று வரி முடிந்து சேமிப்புக் கட்டத்துக்கு வந்தார். அங்கே நின்றார்.

"மெசஞ்சர். இவரு இல்லைன்னா ஏனாகுத்தெ?"

அறுபது சேதிகளைப் பற்றிச் சொல்ல நினைத்தேன். நோட்டில் எழுதாததை எப்படிச் சொல்வது? "கணக்கு நேராகும் சார்" என்று மட்டும் வந்தது வாயில். சொன்ன கணமே வெட்கமாக இருந்தது.

காகிதம் பின்னோக்கி இரண்டு பக்கம் புரண்டது. அப்புறம் கேட்டது: "சரி. வெளியிலருந்தோ உள்ளருந்தோ போன் வந்தா, அந்தப் பெட்டி முன்னாடி உக்காந்து லைன் குடுக்கறது யாரு?"

பெட்டிக்கு மேஜை போட்டிருந்தேன். மேஜைக்கு நாற்காலி போட்டிருந்தேன். நாற்காலிக்கு ஆள் போடவில்லை.

நஞ்சுண்டய்யா முதல் தடவையாகக் காகிதத்தை முகத்திலிருந்து இறக்கினார். "ஏன்ரீ கோவிந்தராஜ், மணல் இருக்கு, செங்கல் இருக்கு, ஆசிட் பெயின்ட் இருக்கு. மனுசன் இல்லையே!" அவர் முகம் கோபத்தில் சிவக்கவில்லை. சிரிப்பை அடக்கியதில் சிவந்திருந்தது. இத்தனை வருஷமும் காகிதத்துக்குப் பின்னால் இந்த மனிதர் சிரித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

வரதராஜன் உடனே பென்சிலை எடுத்தார். "ஆபரேட்டர் என்றால் இங்கிலீஷ் பேசுகிற ஆள் வேண்டும். மெசஞ்சர் சம்பளத்தைப்போல் இரண்டு மடங்கு. அப்படியானால் இரண்டு வருஷத்தில் பணம் திரும்பாது. திட்டமே தேறாது" என்றார்.

"மஸ்தானைக் கூப்பிடு" என்றார் நஞ்சுண்டய்யா.

பாய் வந்து கதவோரம் நின்றார். வேலை போகிற சேதியைச் சொல்லத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்திருப்பார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

"மஸ்தான், இப்ப பிரஸ் ஷாப் ஃபோர்மேன் எல்லி இதாரெ, எங்க?"

பாய் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "பதினொண்ணு பத்து. டீ குடிச்சிட்டு டூல் ரூம் பின்னால வெயில்ல நிப்பாரு சார். முதுகுல வாயுப் பிடிப்பு, மூணு நாளா."

போய்ப் பார்த்துவர என்னை அனுப்பினார்கள். ஓடினேன். டூல் ரூமுக்குப் பின்னால் ஃபோர்மேன் வெயிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

திரும்பி வந்து சொன்னதும் நஞ்சுண்டய்யா இன்னும் நான்கு பேரைப் பற்றிக் கேட்டார். நான்கு பேரும் பாய் சொன்ன இடத்தில் இருந்தார்கள். வரதராஜனுக்குப் பொறுக்கவில்லை. "நேற்று மத்தியானம் இரண்டரைக்கு நான் எங்கே இருந்தேன், சொல்லு பார்ப்போம்!" என்றார்.

மஸ்தான் பாய் தொப்பியை ஒரு சுற்றுச் சுற்றினார். "உங்க ரூம்லதான் சார். கண்ணை மூடிக் கணக்கு யோசிச்சுகிட்டிருந்தீங்க. சீட்டை மேஜைல வெச்சிட்டு, சத்தம் போடாம வந்துட்டேன்."

நஞ்சுண்டய்யா அவசரமாகக் காகிதத்தைத் தூக்கி முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டார். அது வெகுநேரம் நடுங்கியது.

"வெளியிலருந்து இங்கிலீஷ்ல பேசினா?" என்றார் வரதராஜன், குரல் இறங்கி.

"'ஹலோ, ப்ளீஸ் ஓல்டான்'னு சொல்லி லைன் குடுத்துருவேன் சார். அதுக்கு மேல அவங்களும் பேசமாட்டாங்க."

அதே சம்பளத்தில் மஸ்தான் பாய் ஆபரேட்டர் என்று முடிவாயிற்று. ஆனால் அந்தப் பதினோராயிரம் பழையபடி பள்ளமாக நின்றது. நஞ்சுண்டய்யா என் எஸ்டிமேட்டில் தானே இறங்கினார். ஆபீசர்களின் இரண்டாவது போன்கள் எல்லாம் போயின. கலர் போன் கேட்டவர்களுக்குக் கறுப்பு. கம்பெனிக்குப் பின்னால் இருந்த அவருடைய குவார்ட்டர்ஸுக்கு நான் ஆசையாகப் போட்டிருந்த லைன் ஒன்று மிஞ்சியிருந்தது. அதற்கு மட்டும் நீளமான கேபிள், இரண்டு இடத்தில் குழாய். அந்த வரியில் விரலை வைத்தார்.

"இது இல்லைன்னா ஏனாகுத்தெ?" என்று தன்னைத்தானே கேட்டுக்கொண்டார். "எனக்கு நல்லாத் தூக்கம் பருத்தெ. ஹோகலி."

கணக்கு நேரானது.

நான்கு மாதத்தில் இன்டர்காம் வந்தது. ஆரம்பத்தில் மஸ்தான் பாய் மகா மோசமான ஆபரேட்டர். ஷெட்டுக்கு ஷெட் கூவிப் பழகிய குரல். போனில் அவர் "ஹலோ" என்றால் போன் இல்லாமலே கேட்டது. மேனேஜர் யாராவது பேசினால் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார். ஒரு நம்பர் பேசிக்கொண்டிருந்தால், காத்திருக்க மனம் வராமல், ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு நடந்து போய் நேரில் சொல்லிவிட்டு வந்தார். அந்த நேரத்தில் வந்த அத்தனை அழைப்புகளும் அனாதையாக அடித்துக்கொண்டிருந்தன. பிரஸ் ஷாப்பில் மணி அடித்தால் இயந்திரச் சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்பதை நான் எஸ்டிமேட்டில் யோசிக்கவே இல்லை. அது என் இரண்டாவது ஓட்டை. அங்கே மட்டும் மணியோடு ஒரு சிவப்பு விளக்கும் எரிகிற மாதிரி பிற்பாடு ஒட்டுப்போட்டேன்.

ஆனால் ஒரு மாதம் போனதும் ஒன்று நடந்தது. யாரும் நம்பரைச் சொல்லிக் கேட்பதை நிறுத்தினார்கள். ஆளைச் சொல்லிக் கேட்டார்கள். "பாய், ஃபோர்மேன் வேணும்" என்றால் அவர் ஃபோர்மேன் மேஜைக்குக் கொடுக்கமாட்டார். அந்த நேரத்தில் ஃபோர்மேன் எங்கே இருப்பாரோ அந்த ஷெட்டுக்குக் கொடுப்பார். "அவரு இப்ப சாப்பிடறாரு, பத்து நிமிசம் கழிச்சுப் பண்ணுங்க" என்று மேனேஜருக்கே சொல்வார். ஒரு தடவை பெங்களூரிலிருந்து முதலாளி படம் மாறிய சேதியோடு கூப்பிட்டபோது, ஆபீசுக்குக் கொடுக்காமல் நேராகப் பிரஸ் ஷாப்புக்குப் போட்டார். தகடு எதுவும் வீணாகவில்லை. லட்சுமம்மாவிடம் காலை எட்டரைக்கே தெலுங்கில் சாப்பாட்டுக் கணக்கைச் சொல்லிவிடுவார். சாம்பார் பற்றிப் புகார் சொல்ல யார் கேன்டீன் லைன் கேட்டாலும் "எங்கேஜ்" என்றுவிடுவார். இது லட்சுமம்மாவுக்கும் அவருக்கும் மட்டும் தெரிந்த ஏற்பாடு.

வரதராஜனுக்கு மணியைக் கழற்றியே போன் கொடுத்தோம். ஆறே நாளில், யாருமே தன்னைக் கூப்பிடுவதில்லை என்று வருத்தப்பட்டு, மாட்டச் சொன்னார்.

ஒரு வருஷம் கழித்து அவரிடமிருந்தே இன்னொரு படிவம் வந்தது. போட்ட முதலீட்டுக்குச் சொன்னபடி பலன் கிடைத்ததா என்று சரிபார்க்கும் படிவம். சொன்ன சேமிப்பு, கிடைத்த சேமிப்பு என்று இரண்டு கட்டங்கள். "சொன்ன சேமிப்பு" கட்டத்தில் அவர் பைலில் தங்கிவிட்ட முதல் எஸ்டிமேட்டில் நான் எழுதிய பழைய வரி அப்படியே வந்து உட்கார்ந்திருந்தது: மெசஞ்சர் வேலை ஒன்று. அதற்கு எதிரே என்ன எழுதுவது? வேலையை நீக்கிவிட்டோம் என்றால் ஆள் இருக்கிறாரே என்று கேட்பார்கள். நீக்கவில்லை என்றால் கணக்குத் தப்பு என்பார்கள். இரண்டு நாள் பென்சிலைக் கடித்துவிட்டு, அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டு நஞ்சுண்டய்யாவிடம் கொண்டுபோனேன். வரதராஜனும் எதிரே உட்கார்ந்திருந்தார்.

நஞ்சுண்டய்யா படிவத்தை மூக்கருகே பிடித்துப் படித்தார். பிறகு மேஜையில் வைத்து, பேனாவை எடுத்து, காலிக் கட்டத்தில் ஒரே வரி எழுதி வரதராஜன் பக்கம் நகர்த்தினார். எழுதியது இங்கிலீஷில். தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: மிச்சம், ஓர் ஆள்.

வரதராஜன் அதைப் படித்தார். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் மஸ்தான் பாய் எழுந்து நின்றுகொண்டு, யாரிடமோ கன்னடத்தில் ஆரம்பித்து உருதுவில் முடித்துக்கொண்டிருந்தார். அதையும் வரதராஜன் கொஞ்ச நேரம் பார்த்தார். மறுபடி படிவத்தைப் பார்த்தார். கூட்டிச் சரிபார்க்க அதில் எண் எதுவும் இல்லை.

பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டார்.